கையெழுத்து போடாத அறை

டிப்போ, டைம் ஆபீஸ்
ஜனவரி 7

தங்கச்சிக்கு,

இங்கே நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு கேட்க இன்னிக்கு எனக்கு மனசு வரல, அதனால கேட்கல.

இனிமே போன் பண்ணாதே. நீ அழுவ, நான் இளகுவேன், மறுநாள் உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. சொல்ல வேண்டியதை எழுது. பத்தொன்பது வருஷமா டிரைவருங்க எழுதிக் குடுக்கிற டிரிப் ஷீட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். எவன் தெளிவா எழுதினான், எவன் ஊத்திக்கிட்டு எழுதினான்னு ஊதச் சொல்ற மெஷின் இல்லாமலே சொல்லுவேன். உன் கையெழுத்து எனக்கு ரெண்டாம் கிளாஸ்லேருந்து பழக்கம்.

நவம்பர்ல நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கல. பெத்த பொண்ணு, ஒன்பது வயசுக் குழந்தை, ஸ்கூல் விட்டு வந்து கதவைத் தட்டுது. நீ உள்ளே தாழ் போட்டுட்டு மட்டையா கிடக்கறே. வெளிப் படிக்கட்டுல, மூணாவது படியில, மூணு மணி நேரம் மழையில உட்கார்ந்திருந்தா சிட்டு. சேதி கேட்டு நான் பஸ் பிடிச்சு வந்து கதவை உடைக்கிற வரைக்கும் நீ எழுந்திருக்கல. எழுந்ததும் என்ன கேட்ட தெரியுமா? "கதவை யார் உடைச்சது?"ன்னு கேட்ட.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க நோட்டீஸ் போர்டுல டிரைவருங்களுக்காக ஒரு பட்டியல் ஒட்டியிருக்கு. குடியை விட நினைக்கிறவங்க வாராவாரம் கூடிப் பேசற இடங்கள். உன் ஊர் விலாசம் அதுல இருக்கு, கிழிச்சு இத்தோட வச்சிருக்கேன். சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி. கூடவே பன்னிரண்டு டிரிப் ஷீட் வச்சிருக்கேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், திரும்பின நேரம், பொறுப்பாளர் கையெழுத்து. வாரம் ஒண்ணு நிரப்பி அனுப்பு. பன்னிரண்டும் விட்டுப்போகாம வந்தா இங்கே எங்ககிட்ட இருக்கிற சிட்டுவை நீ பார்க்கறதைப் பத்திப் பேசலாம். ஒண்ணு குறைஞ்சாலும் மறுபடி முதல்லேருந்து.

பஸ்ஸுக்கே ஷீட் இல்லாம நான் கேட்டைத் திறந்து விடறதில்ல.

அண்ணன்


ஜனவரி 19

அண்ணனுக்கு,

நீ கேட்காட்டியும் சொல்றேன், நான் உயிரோட இருக்கேன். அண்ணி முட்டிவலி எப்படி இருக்கு? சிட்டுவுக்கு அந்தச் சளி போச்சா?

நீ அனுப்பின கட்டைப் பிரிச்சதும் அடுப்புல போடத்தான் தோணுச்சு. தங்கச்சிக்கு டிரிப் ஷீட்! எனக்கு நம்பர் பிளேட்டும் மாட்டி விட்டிருக்கலாமே. குடிச்சது நான், ஒத்துக்கறேன். ஆனா நீ என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வேடிக்கை பார்க்கறது இன்னிக்கு நேத்து இல்ல.

போனேன். முதல் சனிக்கிழமை விலாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியல. ஒரு பழைய மாடிக் கட்டடம், கீழே போட்டோ ஃபிரேம் போடற கடை. போர்டு எதுவும் கிடையாது. கடைக்காரன்கிட்ட கேட்கலாம்னா வாய் வரல. என்னன்னு கேட்பேன்? ரெண்டு தடவை சுத்தி வந்து வீட்டுக்கே திரும்பிட்டேன். ரெண்டாவது சனிக்கிழமை ஒரு ஆள் குடையோட மேலே ஏறினான், பின்னாடியே நானும் ஏறிட்டேன். மேலே போனதும் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து தோள்ல கை போட்டு, "வாம்மா, வெளியே ஏன் நிக்கற?"ன்னு உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. டீ குடுத்தாங்க. உட்கார்ந்தேன். வந்தேன். அவ்வளவுதான்.

ஷீட் உள்ளே இருக்கு, கையெழுத்தோட. உனக்கு வேண்டியது அதுதானே.

சிட்டுவுக்குத் தனியா ஒரு சீட்டு மடிச்சு வச்சிருக்கேன். நீ படிக்காதே, அவகிட்ட குடு. அவ என்னைப் பத்திக் கேட்கறாளா?

தங்கச்சி


டிப்போ
ஜனவரி 27

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணி முட்டிவலி அப்படியேதான் இருக்கு. சளி போச்சு.

ஷீட்டுல திரும்பின நேரம் எழுதல. கூட்டம் ஆறரைக்கு முடிஞ்சா வீடு உனக்குப் பதினைஞ்சு நிமிஷ நடை. நீ எப்போ வீட்டுக்கு வந்த, நடுவுல எங்கே நின்னன்னு நான் கேட்கல. கட்டம் காலியா இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

கடிதத்துல கடைசி ஆறு வரி மேல்பக்கமா ஏறிப் போகுது. "சிட்டு"ன்னு எழுதற இடத்துல பேனாவை ரெண்டு தடவை அழுத்தியிருக்கே. எனக்கு எழுதறதுக்கு முன்னாடி எவ்வளவு போட்டுக்கிட்ட?

சிட்டு உன்னைப் பத்திக் கேட்கறதே இல்ல. இங்கே நல்லா சாப்பிடறா, தூங்கறா. உன் அண்ணி தினமும் ரெட்டைப் பின்னல் போட்டு விடறா. ஸ்கூல்ல பாட்டுப் போட்டியில ரெண்டாவதா வந்தா. கேட்காத பிள்ளைகிட்ட நாமளா எதுக்குக் கிளறணும்?

அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணனுக்கு,

அண்ணிக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் குடுக்கச் சொல்லு. நான் எப்படி இருக்கேன்னு என் கையெழுத்தைப் பார்த்து நீயே தெரிஞ்சுக்கோ, அதான் பெரிய நிபுணன் ஆச்சே.

நாலு ஷீட் இருக்கு. எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கேன். திரும்பின நேரம் நிமிஷத்தோட.

சிட்டு என்னைப் பத்திக் கேட்கறதே இல்லன்னு எழுதியிருந்த. அதை நான் வேலை பார்க்கற பல் லேப்ல வச்சுப் படிச்சேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு பெரியவருக்குக் கீழ்வரிசைப் பல் செட் கட்டிட்டிருந்தேன். மெழுகுல பல்லை நிறுத்தணும், ஒரு மயிரிழை சாஞ்சாலும் வாய் மூடாது. கை நிக்கல. ஸ்பிரிட் விளக்கை அணைச்சுட்டுப் போய் முகம் கழுவிட்டு வந்தேன். அப்புறமும் நிக்கல. செட் சாஞ்சு போச்சு. பெரியவர் ஒண்ணும் திட்டல. "எனக்குச் சிரிக்கிற மாதிரி வேணும்மா, கடிக்கிற மாதிரி இருக்கு"ன்னார். முதலாளி திட்டினார், அது வேற.

கூட்டத்தைப் பத்திக் கேட்டிருக்க மாட்ட, இருந்தாலும் சொல்றேன். அங்கே இருக்கிறவங்க எல்லாருக்கும் குடிக்கிறவங்க மேல அப்படி ஒரு கோபம். ஒருத்தி சொல்றா, "அவன் செத்தா அழுவேனான்னு எனக்கே தெரியல." இன்னொருத்தி தலையணைக்கு அடியில வீட்டுச் சாவியை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவாளாம். நான் ஒரு மூலையில உட்கார்ந்து கேட்கறேன். மூணாவது வாரம் என்னையும் பேசச் சொன்னாங்க. பேசினேன். மழையில உட்கார்ந்திருந்த குழந்தையைப் பத்திச் சொன்னேன். ரெண்டு பேர் அழுதாங்க. கண்ணாடி அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

நான் அன்னிக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன்னு கேட்காதே.

சிட்டுவுக்கு இன்னொரு சீட்டு வச்சிருக்கேன். முதல் சீட்டுக்கு அவ பதில் எழுதல. ஒரு வரி எழுதச் சொல்லேன். எழுதப் பிடிக்காட்டி படம் வரையட்டும். உனக்கு என்ன குறைஞ்சு போகுது?

தங்கச்சி


டிப்போ
மார்ச் 3

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். ஒரே ஒரு கேள்விதான்.

எங்க டிப்போவுல ஒரு டிரைவர் இருக்கான், ஹார்ன்னு கூப்பிடுவோம். எப்பவும் அமுக்கிட்டே வருவான். முன்னாடி மொடாக்குடியன், இப்போ நாலு வருஷமா தொடறதில்ல. அவனும் இங்கே இந்த மாதிரி கூட்டத்துக்குத்தான் போறான். பெருமைக்கு உன் ஷீட்டை அவன்கிட்ட காட்டினேன். பார்த்துட்டுச் சிரிச்சான். "சார், எங்க அறையில பேரே கேட்க மாட்டாங்க, கையெழுத்து யார் போடுவா? வந்தது யாருன்னு வெளியே தெரியக்கூடாதுன்னுதானே அது நடக்குது"ன்னான்.

அப்போ அஞ்சு ஷீட்டுலயும் உருண்டை உருண்டையா கையெழுத்து போட்டது யாரு? நீயே போட்டுக்கிட்டியா, இல்ல தெருவுல போறவ யாரையாவது பிடிச்சியா?

பதில் வர்ற வரைக்கும் கணக்கு நிறுத்தி வச்சிருக்கேன்.

அண்ணன்


மார்ச் 21

டிப்போ டைம் கீப்பர் தம்பிக்கு,

முன்னப் பின்னத் தெரியாத ஒரு அக்கா எழுதறேன், கோபப்படாம படிங்க. உடம்பு எப்படி இருக்கு? நடுக்கம், தூக்கமின்மை ஏதாவது இருந்தா டாக்டரைப் பாருங்க, சட்டுனு நிறுத்தறவங்களுக்கு அது சகஜம்.

நான் இங்கே குடும்பத்தார் அறையைப் பார்த்துக்கறவ. குடிக்கிறவங்களோட பொண்டாட்டி, அம்மா, தங்கச்சி எல்லாம் வாராவாரம் கூடிப் பேசுவோம். பக்கத்து அறையில குடியை விட்டவங்க கூட்டம் நடக்கும், நடுவுல ஒரு பலகைத் தட்டிதான். உங்க தங்கச்சி ஜனவரியிலேருந்து எங்க அறைக்கு வரா. உங்களைப் பத்திச் சொல்லியிருக்கா. அவ தப்பா ஒரு வார்த்தை சொல்லல தம்பி, அதுதான் எனக்குத் தாங்கல. நீங்க உள்ளே தாழ் போட்டுக்கிட்டு விழுந்து கிடந்தது, உங்க பொண்ணு மூணு மணி நேரம் படியில நனைஞ்சது, எழுந்ததும் கதவை யார் உடைச்சதுன்னு நீங்க கேட்டது, எல்லாம் சொன்னா. சொல்லிட்டு, "அவன் கெட்டவன் இல்லக்கா, அவனுக்கு அவனைப் பிடிக்கல"ன்னா.

இன்னொண்ணும் சொல்லணும். அவ எங்கே போறா வரான்னு நேரம் எழுதி கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்றீங்களாமே? குடிகூடவே சந்தேகமும் வரும், என் வீட்டுக்காரர்கிட்ட இருபது வருஷம் பார்த்தேன். பாவம் அந்தப் பொண்ணு, நடுங்கற கையோட ஷீட்டை நீட்டும். போன மாசம் கவரைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தா, அதுலதான் உங்க விலாசம் பார்த்தேன். ரெண்டு வாரமா அவ வரல. நீங்கதான் தடுத்திருப்பீங்கன்னு நினைக்கறேன்.

உங்க ஊர்லயும் கூட்டம் இருக்கு தம்பி. ஒரே ஒரு தடவை போங்க. முதல் தடவை ஏறுற படிதான் கஷ்டம்.

நல்லது நடக்கட்டும்.

குடும்பத்தார் அறை அக்கா


டிப்போ
மார்ச் 26

ஏ, உன்னைத்தான்,

நலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன் கண்ணாடி அம்மா எழுதின கடிதம் வந்தது. உனக்கு ஒரு நகல் எழுதி வச்சிருக்கேன், படிச்சு ரசி.

வெளியே "டைம் ஆபீஸ்"னு போட்டு வந்ததால கிளார்க் பிரிச்சுட்டான். அவன் படிச்சு, கேஷியர் படிச்சு, மெக்கானிக் ஷெட்டு வரைக்கும் போய்ட்டுத்தான் என் மேஜைக்கு வந்தது. பத்தொன்பது வருஷமா நான் மத்தவனை ஊதச் சொன்னவன். நேத்து காலையில ஒரு பொடிப் பய டிரைவர் மெஷினை என் முன்னாடி நீட்டி, "சார், முதல்ல நீங்க"ன்னான். கியூ பூராவும் சிரிச்சுது. ஹார்ன் தனியா கூப்பிட்டு, "வெட்கப்படாதீங்க சார், நான் கூடவே வரேன்"ங்கறான். இல்லடா, நான் குடிக்கிறதே இல்லடான்னா, "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவோம்"னு தோளைத் தட்டறான்.

வாழ்நாள்ல ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல நான். அப்பா குடிச்சுட்டு வந்தப்போ உன்னைத் தூக்கிட்டு ஓடினவன் நான். என்னைக் குடிகாரன்னு சொல்லி, உன் பாவத்தை எல்லாம் என் தலையில கட்டி, அதுக்கு ரெண்டு பேர் அழுதாங்கன்னு வேற எனக்கே எழுதறே! உன் நாக்கு அழுகிடாது? உன் அண்ணி அதைப் படிச்சுட்டு நாள் பூரா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா, ஏதாவது தெரியாம போச்சோன்னு.

அஞ்சு ஷீட்டையும் கிழிச்சுட்டேன். முதல்லேருந்துன்னு கூட இனிமே கிடையாது. சிட்டு இங்கேயே வளருவா, இங்கேயே படிப்பா. நீ வரவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

அண்ணன்னு கையெழுத்து போட எனக்குக் கூசுது.


ஏப்ரல் 14

அண்ணா,

எழுத வேண்டாம்னு சொன்னே, எழுதறேன். கிழிக்கறதுன்னா படிச்சுட்டுக் கிழி.

அன்னிக்குப் படியேறினதும் ரெண்டு கதவு இருந்தது. நான் குடிக்கிறவங்க அறைக்குத்தான் வந்தேன். பொம்பளையைப் பார்த்ததும் கண்ணாடி அம்மாவுக்கு வேற எதுவும் தோணல. "யாரும்மா, வீட்டுக்காரரா?"ன்னாங்க. நான்தான்னு சொல்லணும். ஆனா வாயில "அண்ணன்"னு வந்துடுச்சு. ஏன் அண்ணன்னு சொன்னேன்? இத்தனை நாள் யோசிச்சேன். எனக்கு வேற யார் இருக்கா சொல்றதுக்கு? அவர் விட்டுட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு.

அப்புறம் மாத்திச் சொல்ல முடியல. உனக்குக் கையெழுத்து வேணும், அங்கே கையெழுத்து கிடைச்சது. நீயும் ஒரு ஷீட்டைக் குடுத்து என்னை அந்த அறையிலேயே உட்கார வச்சே, அதை மறந்துடாதே. பிப்ரவரி பூரா குடிச்சுட்டுத்தான் இருந்தேன். கிராம்பு மென்னுட்டு கூட்டத்துக்குப் போவேன், வர்ற வழியில வாங்கிட்டு வருவேன். திரும்பின நேரம் நான் எழுதினதெல்லாம் பொய். இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?

உன் கடைசிக் கடிதம் சனிக்கிழமை காலையில வந்தது. படிச்சேன், குடிச்சேன், கூட்டத்துக்குப் போகல. அடுத்த சனிக்கிழமை போனேன். குடும்பத்தார் அறையில எழுந்து நின்னு, "அண்ணன்னு சொன்னதெல்லாம் நான்தான்"னு சொன்னேன். கட்டிப் பிடிச்சுப்பாங்கன்னு நினைக்கறியா? சாவியைத் தலையணைக்கு அடியில வைக்கிறவ எழுந்து என் மூஞ்சிக்கு நேரா வந்து, "எங்க வயித்தெரிச்சலை எல்லாம் உட்கார்ந்து கேட்டியேடி, உள்ளுக்குள்ள சிரிச்சியா?"ன்னு கேட்டா. அவ கை ஓங்கினதை நான் பார்த்தேன். கண்ணாடி அம்மா குறுக்கே வரல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு டீ டம்ளரை எல்லாம் எடுத்து அடுக்கினாங்க. அடுக்கி முடிச்சுட்டு, கதவைத் திறந்து பக்கத்து அறையைக் காட்டினாங்க.

அந்த அறையில பதினாறு ஆம்பளைங்க. நான் நுழைஞ்சதும் ஒருத்தர், "குடும்பத்தார் அறை அந்தப் பக்கம்மா"ன்னார். "அங்கேருந்துதான் வரேன். நான் குடிக்கிறவ"ன்னேன். ஒரு பெரியவர் பக்கத்து நாற்காலியில இருந்த தன் பையை எடுத்துக் கீழே வச்சார். அவர் சிரிச்சப்போ கீழ்வரிசையைப் பார்த்தேன். நான் சாச்சுக் கட்டின அதே செட். இன்னும் அதையேதான் போட்டுட்டிருக்கார்.

இன்னியோட குடிக்காம பதினேழு நாள். இந்த அறையில யாரும் கையெழுத்து போட மாட்டாங்க. அதனால உனக்கு அனுப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல. மீதி ஏழு ஷீட்டும் இதோட திருப்பி அனுப்பறேன், உன் பஸ்ஸுக்கு வச்சுக்கோ.

டிப்போவுல நீ தலைகுனிஞ்சதுக்கு என்னை மன்னிக்கணும்னு கேட்கல. கேட்டா நீ ஒரு ஷீட் அனுப்புவ. சிட்டுவுக்குச் சீட்டு உள்ளே இருக்கு.

தங்கச்சி


மே 12

அண்ணா,

நாலு வாரமா பதில் இல்ல. அண்ணி எப்படி இருக்காங்கன்னாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நாப்பத்தஞ்சு நாள். எப்படின்னு கேட்காதே, பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான். பெரியவருக்குச் செட்டைப் புதுசா கட்டிக் குடுத்தேன். கை நின்னுச்சு. சாவிக்காரி இன்னும் படியில எதிர்ல வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறா.

சிட்டுகிட்டேருந்து ஒரு எழுத்து இல்ல. அவளுக்கு என் மேல கோபம் இருந்தா நியாயம்தான், அதை அவ கையாலேயே எழுதட்டும். "உன்னைப் பிடிக்கல"ன்னாவது எழுதட்டும். அவ எழுத மாட்டேன்னு சொன்னாளா, இல்ல நீ கேட்கவே இல்லையா? அதை மட்டும் உண்மையா சொல்லு.

அவளுக்கு இன்னொரு சீட்டு வச்சிருக்கேன். நாலாவது.

தங்கச்சி


டிப்போ
ஜூன் 5

தங்கச்சிக்கு,

உன் அண்ணிக்கு முட்டி பரவாயில்ல. நீ எப்படி இருக்கே? எழுபது நாள் ஆகியிருக்கணும், நடுவுல ஒண்ணும் ஆகலேன்னா.

உன் மேல கோபம் தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுடாதே. நடந்ததைச் சொல்றேன்.

ஹார்ன் விடல. தினமும் கேட்டுல நின்னு, "இந்த சனிக்கிழமை சார்"னு ஆரம்பிச்சுடுவான். ஒரு நாள் வந்து அங்கேயே எல்லார் முன்னாடியும் நான் குடிக்கிறவன் இல்லன்னு சொல்லிட்டா இவன் வாயை அடைச்சுடலாம்னு போனேன். டயர் கடைக்கு மேல் மாடி. எழுந்து நின்னேன். "நான் டைம் கீப்பர், நான் குடிக்கிறவன் இல்ல"ன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க! ஒரு கிழவர், "நானும் அஞ்சு வருஷம் இதையேதான் தம்பி சொன்னேன்"ங்கறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். நிரூபிக்கணும்னே மறுவாரமும் போனேன்.

மூணாவது வாரம் ஹார்ன் பேசினான். பஸ்ஸுல முதலுதவிப் பெட்டிக்குப் பின்னாடி பாட்டிலை ஒளிச்சு வச்சிருப்பானாம். யாராவது காயம்னு பெட்டியைத் தேடி வந்தா பெட்டி காலின்னு சொல்லி விரட்டுவானாம். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. என் மேஜையிலயும் கீழ் டிராயர் ஒண்ணு இருக்கு. உன் அண்ணி ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்தப்போ ஸ்பூன் தேடி அந்த டிராயரைத் திறக்கப் போனா. நான் கையைத் தட்டி விட்டேன். அது ஞாபகம் வந்தது.

அந்த டிராயர்ல, பழைய ரிஜிஸ்டருக்குப் பின்னாடி, நீ சிட்டுவுக்கு வச்ச சீட்டு நாலும் இருந்தது. சிட்டு உனக்கு எழுதி, தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்த கடிதம் ஒன்பது இருந்தது.

ஒன்பது. அவ கேட்கறதே இல்லன்னு எழுதினேன். தினமும் கேட்டா. நான் டிப்போவிலேருந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி, "அம்மா எழுதினாங்களா மாமா?"ன்னு கேட்பா. இல்லன்னுவேன். எனக்கும் உன் அண்ணிக்கும் கல்யாணம் ஆகி பதினாலு வருஷம், வீட்டுல இந்தச் சத்தம் இருந்ததில்ல. காலையில பின்னல் போடறப்போ ரெண்டு பேரும் பாடற சத்தம். உன்னை நான் பன்னிரண்டு ஷீட் கேட்டது நீ பன்னிரண்டு அனுப்ப மாட்டேங்கற நம்பிக்கையிலதான். ஒவ்வொரு கவர் வர்றப்போவும் 'மறுபடி விழுந்துட்டேன்'னு நீ எழுதியிருப்பியான்னு பார்த்தேன். இதைச் சொன்னதுக்கு அந்த அறையில யாரும் கை தட்டல.

போன ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் சிட்டுகிட்ட குடுத்தேன். நாலையும் படிச்சா. என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களைப் பிடிக்கல"ன்னா. அஞ்சு நாளா என்கிட்ட பேசல, உன் அண்ணிகிட்ட மட்டும் பேசறா. உன் அண்ணிக்கு டிராயர் விஷயம் அன்னிக்குத்தான் தெரியும். அவளும் என்கிட்ட பேசல.

சிட்டுவோட கடிதம் ஒன்பதும் இத்தோட இருக்கு. ஒரு டிரிப் ஷீட்டும் இருக்கு. ஜூன் 21, ஞாயிறு. இங்கேருந்து புறப்படற நேரம் காலை 6.10, அங்கே சேர்ற நேரம் 8.10. பயணிகள் ஒரு பெரிய ஆள், ஒரு சிறுமி. பொறுப்பாளர் கையெழுத்துங்கற கட்டத்தை அடிச்சுட்டேன்.

கதவை மட்டும் தாழ் போடாதே.

அண்ணன்


ஜூன் 10

அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். எழுபத்துநாலு நாள், நடுவுல ஒண்ணும் ஆகல. அண்ணிகிட்ட நான் கேட்டதா சொல்லு, பேசினாங்கன்னா.

ஒன்பது கடிதம். பிப்ரவரியில அவ எழுதியிருக்கா: "அம்மா, கோபமா? நான் கதவை மெதுவா தட்டினேன், அதான் உனக்குக் கேட்கல. அடுத்த தடவை பலமா தட்டறேன்." இதை நாலு மாசம் டிராயர்ல வச்சிருந்தியே, பாவி! படிச்சப்போ உன் குரல்வளையைப் பிடிக்கணும்னு இருந்தது. அன்னிக்கு சாயந்திரம் கடை வாசல் வரைக்கும் போய்ட்டேன். பெரியவருக்குப் போன் பண்ணினேன். அவர் வந்து கடைக்கு எதிர்ல என் கூட நின்னார், ஷட்டர் இறக்கற வரைக்கும். உன்னை மன்னிக்க எனக்கு எத்தனை மாசம் ஆகும்னு தெரியல. ஷீட் எதுவும் அனுப்ப மாட்டேன், பயப்படாதே.

சிட்டு உன்கிட்ட பேசாட்டியும் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு குடு. வழியில அவளுக்குக் குமட்டும், பிளாஸ்டிக் பை வச்சுக்கோ.

கதவைத் தாழ் போடாதேன்னு எழுதியிருக்கே. அன்னிக்கு நான் கதவுக்கு உள்ளேயே இருக்க மாட்டேன். நீ 8.10ன்னு போட்டிருக்கே, உன் பஸ் எதுவும் நேரத்துக்கு வந்ததில்ல. காலையில ஆறு மணியிலேருந்து வெளிப் படிக்கட்டுல, மூணாவது படியில உட்கார்ந்திருப்பேன். மழை பெஞ்சாலும் எழுந்து உள்ளே போக மாட்டேன். அவ தெருமுனை திரும்பறப்போவே நான் தெரியணும்.

தங்கச்சி